அப்பா கேட்ட ரெண்டு பார்லிமெண்ட்டு கதை

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்க நல்லா இருக்கோம். பாப்பாவுக்கு சளி விட்டுடுச்சு, ஸ்கூல் போறா. எடின்பரோல இப்ப நாலு மணிக்கெல்லாம் இருட்டிடுது, மழைன்னும் சொல்ல முடியாது, நாள் பூரா நசநசன்னு கிடக்கு. போன வாரம் நீங்க போன்ல கேட்டீங்களே, "அங்க ரெண்டு பார்லிமெண்ட்டாமே, எது பெருசு, கோர்ட்டு யார் பக்கம் நிக்கும்"னு, அதை போன்ல சொல்ல ஆரம்பிச்சா அம்மா பாதியில வாங்கிடுவாங்க, அதான் உக்காந்து எழுதுறேன். ஆயுசு பூரா கோர்ட்டுல பெஞ்ச் கிளார்க்கா இருந்தவருக்கு வாட்சப்ல ரெண்டு வரி தட்டிவிட்டா எப்படி.

தினசரி வாழ்க்கைய வச்சுப் பாத்தா, பிரிட்டன் முழுசுக்குமான லண்டன் பார்லிமெண்ட்டை விட, ஸ்காட்லாந்துக்கு மட்டும்னு இருக்கிற எடின்பரோ பார்லிமெண்ட்டுதான் எங்களுக்குப் பெருசு. ஹோலிரூட்னு சொல்லுவாங்க, 129 மெம்பர். இவரோட பிரஷர் மாத்திரைக்கு பார்மசில சீட்டைக் குடுத்தா பைய கையில குடுத்து அனுப்பிடுறாங்க, பில்லே கிடையாது, 2011லருந்து இப்படித்தான், இதே மாத்திரைக்கு இங்கிலாந்துல இருக்கிற இவரு பிரண்டு ஒரு அயிட்டத்துக்கு 9.90 பவுண்டு கட்டுறார். நான் சாயங்காலம் வேலை பாக்குற கடைல பத்து மணி அடிச்சா மது பாட்டில் ரேக்குக்கு ஷட்டர் இறக்கணும், அதுக்கப்புறம் யார் கெஞ்சினாலும் பில் போட முடியாது. சரக்கை இதுக்குக் கீழ விக்கக்கூடாதுன்னு ரேட்டும் வச்சிருக்காங்க, ஆல்கஹால் அளவுக்கு ஏத்த மாதிரி யூனிட்டுக்கு, அதாவது பத்து மில்லி சுத்த ஆல்கஹாலுக்கு, 65 பென்ஸ். அந்த சட்டம் 2012லயே பாஸாச்சு, விஸ்கி கம்பெனிக்காரங்க சங்கம் கேஸ் போட்டு லக்சம்பர்க் ஐரோப்பிய கோர்ட்டு வரைக்கும் இழுத்து, கடைசில 2017ல லண்டன் சுப்ரீம் கோர்ட்டு செல்லும்னு சொன்ன பிறகு 2018 மே மாசந்தான் கடைக்கே வந்துச்சு.

உங்களுக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு, நம்ம அரசியல் சட்டத்தோட ஏழாவது அட்டவணைல மத்திய அரசுக்கு, மாநிலத்துக்கு, ரெண்டுக்கும் பொதுன்னு இருக்கிற மாதிரி மூணு லிஸ்ட்டு இங்க இல்ல. 1998 ஸ்காட்லாந்து சட்டத்துல லண்டன் தனக்குன்னு வச்சுக்கிட்டத மட்டும் எழுதியிருக்கு, ராணுவம், வெளிநாட்டு விவகாரம், கரன்சி, இமிகிரேஷன் இப்படி, அதுல இல்லாதது எல்லாம் எடின்பரோவுக்கு. நம்மூர்ல லிஸ்ட்டுல இல்லாத மிச்சமெல்லாம் டெல்லிக்குப் போகும், இங்க அப்படியே தலைகீழ். ஆஹான்னு நினைச்சேன் நானும். ஆனா அதே சட்டத்துல 28ஆவது பிரிவு, 7ஆவது உட்பிரிவு, ஒத்த வரி: இதனால ஸ்காட்லாந்துக்கு சட்டம் போடுற லண்டன் பார்லிமெண்ட்டோட அதிகாரம் பாதிக்காது. அதாவது எடின்பரோவுக்குக் குடுத்த சப்ஜெக்ட்டுலயும் அவங்க எப்ப வேணும்னாலும் சட்டம் போடலாம்.

அந்த ஒரு வரிக்கு எவ்வளவு பவர்னு 2021ல தெரிஞ்சுது. குழந்தைகள் உரிமைக்கான ஐநா ஒப்பந்தத்தை இங்க சட்டமாக்க ஹோலிரூட்ல எல்லா கட்சியும் சேந்து, ஒரு எதிர் ஓட்டுகூட இல்லாம மசோதா பாஸ் பண்ணாங்க. சுப்ரீம் கோர்ட்டு என்ன சொல்லுச்சுன்னா, இதுல சில பிரிவு லண்டன் பார்லிமெண்ட் போட்ட சட்டத்தையே இங்க உள்ள கோர்ட்டு செல்லாதுன்னு சொல்ற மாதிரி இருக்கு, அது உங்க அதிகாரத்துல இல்லன்னு. திருப்பி எழுதி பாஸ் பண்ணி அமலுக்கு வந்தது 2024ல. எடின்பரோ போட்ட சட்டத்தை கோர்ட்டு அடிக்கலாம், லண்டன் போட்டதை அடிக்க முடியாது. கேசவானந்த பாரதி கேஸ்ல நம்ம சுப்ரீம் கோர்ட்டு சொன்ன மாதிரி, அரசியல் சட்டத்தோட அடிப்படைக் கட்டமைப்ப பார்லிமெண்ட்டும் தொடக்கூடாதுன்னு நிறுத்துறதெல்லாம் இங்க நடக்காது.

எடின்பரோவுக்குக் குடுத்த விஷயத்துல அவங்க சம்மதம் இல்லாம சாதாரணமா சட்டம் போட மாட்டோம்னு லண்டன் ஒரு வாக்கு குடுத்திருக்கு, 2016ல அதை சட்டத்துலயே எழுதிட்டாங்க. பிரெக்சிட் நேரத்துல, அதான் ஐரோப்பிய யூனியனை விட்டு பிரிட்டன் விலகினப்ப, மில்லர்னு ஒரு கேஸ், 2017ல தீர்ப்பு, அதுல இந்த வாக்கு அரசியல் சம்பந்தப்பட்டது, ஜட்ஜுங்க இதுல கை வைக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. வாடகைக்கு விட்டவர் கேக்காம உள்ள வரமாட்டேன்னு சொல்லிட்டு இன்னொரு சாவிய இடுப்புலயே வச்சிருக்கிற கதைதான் இது, என்னைக் கேட்டா. 2020ல மூணு சட்டசபையும், ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து, சம்மதம் இல்லன்னு சொல்லியும் பிரெக்சிட் ஒப்பந்த சட்டம் பாஸாச்சு.

எங்க கடைக்கே இதுல அடி விழுந்துச்சு. காலி பாட்டில் திருப்பிக் குடுத்தா 20 பென்ஸ் திருப்பித் தர்ற ஸ்கீம் ஒண்ணு ஹோலிரூட் கொண்டு வந்துச்சு, எங்க முதலாளி நம்பி ஒரு மூலைய காலி பண்ணி, ரேக்கை எல்லாம் பிரிச்சு மிஷினுக்கு இடம் விட்டார். அங்கிட்டு லண்டன் 2020ல போட்ட உள்நாட்டுச் சந்தை சட்டத்தைக் காட்டி, அதாவது நாட்டோட ஒரு பகுதில விக்கிற பொருளை இன்னொரு பகுதில தடுக்கக்கூடாதுங்கிற சட்டம், கண்ணாடி பாட்டிலை சேக்கக்கூடாதுன்னு 2023ல நிபந்தனை போட்டாங்க, கண்ணாடி இல்லாம எப்படின்னு ஸ்கீமே நின்னு போச்சு. அந்த மூலைல இப்ப உருளைக்கிழங்கு மூட்டை.

நம்மூர் கவர்னர் மாதிரி மசோதாவ கையில வச்சுக்கிட்டு உக்கார ஆள் இங்க கிடையாது. ஆனா 35ஆவது பிரிவு இருக்கு, லண்டன் மந்திரி மசோதா ராஜாகிட்ட கையெழுத்துக்குப் போறதையே தடுக்கலாம். 2023 ஜனவரில, சட்டப்படி பாலினத்தை மாத்திக்கிறதை சுலபமாக்குற பாலின அங்கீகார மசோதாவ அப்படித்தான் நிறுத்தினாங்க, முதல் தடவையா. எடின்பரோ கோர்ட்டும் அது சரின்னுடுச்சு. தனி நாடு கேட்டு ஓட்டெடுப்பு நடத்தவும் லண்டன் அனுமதி வேணும்னு 2022 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு அஞ்சு ஜட்ஜும் ஒரே குரல்ல சொன்னாங்க, தலைமை ஜட்ஜ் ரீட் பிரபு ஸ்காட்லாந்துக்காரர்தான்.

அப்படின்னு எடின்பரோ கோர்ட்டு எப்பவும் தலையாட்டும்னு நினைச்சுடாதீங்க. 2019ல அப்ப பிரதமரா இருந்த போரிஸ் ஜான்சன் லண்டன் பார்லிமெண்ட்ட அஞ்சு வாரம் ஒத்திவச்சாரே, லண்டன் ஹைகோர்ட்டு இது எங்க வேலை இல்லன்னு ஒதுங்கிடுச்சு, சட்டவிரோதம்னு முதல்ல சொன்னது இங்க உள்ள கோர்ட்டுதான், அப்புறம் சுப்ரீம் கோர்ட்டு 11 ஜட்ஜும் அதையே சொன்னாங்க. 1953லயும் ஒண்ணு உண்டு. ஸ்காட்லாந்துக்கு முதலாம் எலிசபெத்தே கிடையாது, அப்புறம் எப்படி ரெண்டாம் எலிசபெத்னு ரெண்டு பேர் கேஸ் போட்டாங்க. தோத்துட்டாங்க, ஆனா ஜட்ஜ் கூப்பர் பிரபு தீர்ப்புல எல்லையில்லாத பார்லிமெண்ட் அதிகாரம்ங்கிறது இங்கிலாந்துக்காரங்க கொள்கை, ஸ்காட்லாந்து சட்டத்துல அதுக்கு இடமில்லன்னு எழுதி வச்சுட்டுப் போயிட்டார். அந்த வரிய இன்னிக்கும் வக்கீலுங்க எடுத்து எடுத்து படிக்கிறாங்க. ராணி நம்பரப் போட்ட போஸ்ட் பாக்ஸ் ஒண்ணை அதே வருஷம் இங்க குண்டு வச்சே தூக்கிட்டாங்க, அதுக்கப்புறம் ஸ்காட்லாந்துல புதுசா வச்ச பாக்ஸுல நம்பர் இல்லாம வெறும் ஸ்காட்லாந்து கிரீடந்தான்.

எடின்பரோ கோர்ட்டு எங்க இருக்கு தெரியுமா, 1707ல லண்டனோட சேர்றதுக்கு முன்னாடி இவங்களோட பழைய பார்லிமெண்ட் நடந்த அதே கட்டடத்துல. யார் வேணும்னாலும் உள்ள போகலாம். மேல கறுத்த மரக்கூரை, கீழ நீள ஹால்ல வக்கீலுங்க கவுனோட ரெண்டு ரெண்டு பேரா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துக்கிட்டே கேஸ் பேசுறாங்க, நின்னா பக்கத்துல இருக்கிறவன் காதுல விழுந்துடுமாம். நீங்க பாத்தா மத்தியானச் சாப்பாட்டை மறந்துடுவீங்க.

ஜூன்ல வாங்க, அப்ப கோர்ட்டு நடக்கும், ஆகஸ்ட்ல லீவு. விசா லண்டன் லிஸ்ட்டுல வருது, ஹோலிரூட்ட கேட்டு பிரயோஜனமில்ல, அதனால ஆறு மாச பேங்க் ஸ்டேட்மெண்ட்டும் பென்ஷன் ஆர்டரும் இப்பவே எடுத்து வையுங்க, அம்மா பாஸ்போர்ட்ல இனிஷியல் வேற மாதிரி இருக்குன்னு சொன்னீங்களே, அதை முதல்ல சரி பண்ணிடுங்க.

உங்கள் அன்பு மகள்