சேறு அள்ள வந்த சொந்தங்களுக்கு

போதகர் ஐயாவுக்கும், வாலிபர் சங்கத்துத் தம்பி தங்கைகளுக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமாருக்கும் தூத்துக்குடி முத்தம்மாள் காலனியிலிருந்து வணக்கம்.

நாகர்கோவில் பக்கமிருந்து வேன் பிடித்து வந்து, நான்கு நாள் எங்கள் தெருவில் பாடுபட்டுவிட்டுப் போனீர்கள். கிளம்பும்போது முறையாக ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அன்று சொல்லாமல் விட்டதை எல்லோரும் பார்க்கும்படி இப்போது எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 17, 18-இல் கொட்டிய மழையை எங்கள் மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தூத்துக்குடிக்காரனுக்கு மழை என்றால் உப்பளம் கெட்டுப்போகுமே என்ற கவலைதான் இருக்கும். கோரம்பள்ளம் குளம் உடைந்து வீட்டுக்குள் வெள்ளம் பாயும் என்று யார் நினைத்தோம்? எங்கள் வீட்டில் ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணீர் நின்றது. பக்கத்து வீட்டாரோடு மொட்டைமாடியில் கிடந்தோம். படகில் ரொட்டி வந்தது, சோற்றுப் பொட்டலம் வந்தது. கொண்டுவந்த அத்தனை பேருக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

தண்ணீர் வடிந்த பிறகுதான் அடுத்த பாடு தெரிந்தது. வீடு முழுக்கக் கணுக்கால் புதையக் கரிசல் சேறு. அதில் கழிவுத் தண்ணீரும் கலந்திருந்தது. கரிசல் சேற்றை ஈரத்தோடு அள்ளிவிட வேண்டும், காய விட்டால் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். கூலி கொடுக்கிறோம் என்றாலும் ஆள் இல்லை. எல்லோர் வீட்டிலும் அதே சேறுதானே. நானும் என் மனைவியும் ஒரு அறையின் மூலையைச் சுத்தம் செய்யவே அரை நாள் ஆனது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டோம்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில் உங்கள் வேன் வந்து நின்றது. கேரல் ரவுண்ட்ஸில் சேர்ந்த காசை அந்த வருஷம் விருந்துக்குச் செலவழிக்காமல், மண்வெட்டியும் வைப்பரும் பிளீச்சிங் பவுடரும் வாங்கி வந்திருக்கிறீர்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

என் மனம் திரும்பத் திரும்பப் போவது சில சின்ன விஷயங்களுக்குத்தான். பீரோவுக்கு அடியில் மண்வெட்டி நுழையவில்லை. கல்லூரியில் படிக்கிற ஒரு தங்கச்சி தரையில் குப்புறப் படுத்து, சிரட்டையால் வழித்து வழித்து எடுத்தாள். வாசலில் குவித்த எந்தப் பொருளையும் எங்களைக் கேட்காமல் நீங்கள் தூக்கிப் போடவில்லை. எங்களுக்கே குப்பையாகத் தெரிந்ததைக்கூட, "அண்ணாச்சி, இது வேணுமா?" என்று கேட்டீர்கள். அப்படிக் கேட்டதால்தான் வீட்டுப் பத்திரம் தப்பியது. ஈரத்தில் ஒட்டிப்போன தாள்களை ஒரு அக்கா பொறுமையாகப் பிரித்து, இடையிடையே பழைய பேப்பர் வைத்து உலர்த்தித் தந்தார்.

உங்களோடு வந்த எலக்ட்ரீஷியன் மாமா முதல் நாளே மெயினைத் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சுவிட்ச் போர்டை எல்லாம் கழற்றித் துடைத்து, காய்ந்ததைப் பார்த்த பிறகுதான் கரண்ட் போட விட்டார். இருட்டில் கிடந்து அலுத்துப்போய் நான் அவரிடம் கோபப்பட்டேன். மாமா, அதற்கு மன்னிப்பும் இந்த மடலிலேயே கேட்டுக்கொள்கிறேன். என் மனைவியின் தையல் மெஷின் மோட்டாரையும் அவர்தான் பிரித்து உலர்த்தினார். அந்தப் பொங்கலுக்குத் தெருப் பிள்ளைகளின் பாவாடை சட்டையை அதில்தான் தைத்தாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு பூஜை அலமாரி சேற்றில் சாய்ந்து கிடந்தது. ஒரு அக்கா திருச்செந்தூர் முருகன் படத்தை எடுத்து, நல்ல தண்ணீரில் துடைத்து, கண்ணாடிக்குள் போன ஈரத்தையும் ஒற்றி எடுத்துவிட்டு, "இதை எங்க வைக்கட்டும் மதினி?" என்று என் மனைவியிடம் கேட்டார். அவள் அழுதுவிட்டாள். நான்கு நாளில் முதல்முறையாக அப்போதுதான் அழுதாள்.

ஏன் இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று போதகர் ஐயாவிடம் கேட்டேன். 2017-இல் ஒக்கிப் புயல் உங்கள் ஊரைச் சாய்த்துப் போட்டபோது, முகம் தெரியாத ஆட்கள் வந்து உங்கள் ஓட்டின் மேல் விழுந்த மரத்தை வெட்டி எடுத்ததைச் சொன்னார். அப்புறம், "தூத்துக்குடி நான் படிச்ச ஊர் அண்ணாச்சி, இப்படிக் கிடக்கதைப் பார்க்க முடியல" என்றார். நான் பிறந்த ஊரை இன்னொருவர் இத்தனை ஆசையாகச் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

கடைசி நாள் மக்ரூன் பொட்டலத்தை வேனுக்குள் வைத்தபோதுகூடக் காசு கொடுக்கப் பார்த்தீர்கள். அது எங்கள் தெருவே சேர்ந்து வாங்கியது. தயவுசெய்து அதைத் திருப்பித் தர நினைக்க வேண்டாம்.

நீங்கள் மறந்துவிட்டுப் போன இரண்டு மண்வெட்டியும் ஒரு பச்சை வாளியும் எங்கள் மாடிப்படிக்கு அடியில் பத்திரமாக இருக்கின்றன. ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வாருங்கள். இந்தத் தடவை எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.

அன்புடன்,
முத்தம்மாள் காலனித் தெருக்காரர்கள் சார்பாக,
உங்கள் அண்ணாச்சி