யாரைக் கேட்பது, செல்வா?

அன்புள்ள செல்வா,

பொங்கலுக்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை என்று திட்டிக்கொண்டிருப்பாய். திட்டு, நியாயம்தான். வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு மூட்டுவலி அப்படியேதான்.

பத்திரிகையில் என் தலையில் ஒரு தொடரைக் கட்டிவிட்டார்கள். கோயில் திருவிழாவில் முதல் மரியாதை, தலையில் துணி கட்டிக் கௌரவிக்கும் பரிவட்டம், அதை ஒட்டி வரும் சாதிச் சண்டை. "நிபுணர்கள் நாலு பேரிடம் கேட்டு எழுதுங்கள்" என்றார் ஆசிரியர். அந்த நாலு பேர் யார் என்று உனக்கே தெரியும், ராத்திரியானால் டிவியில் கத்துகிறவர்கள். காவிரி என்றாலும் கருவறை என்றாலும் அவர்களிடம் பதில் தயார். நம் 'சர்வரோக நிவாரணி' வாத்தியாருக்குத் தம்பிமார்கள்!

அவர்கள் வேண்டாம் என்று முடிவு செய்து, கோயில் வழிபாட்டு விதிகளைச் சொல்லும் ஆகமம் கற்ற பேராசிரியர் ஒருவரிடம் போனேன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தம், வைணவம், கிறித்தவம், சமணம் என்று தனித்தனித் துறைகளே இருக்கின்றன, யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இவர் என்ன சொன்னார் தெரியுமா? "ஆகமத்தைக் கேளுங்கள், சொல்கிறேன். அய்யனார் கோயில் பரிவட்டம் ஊர் வழக்கம். அது எனக்குத் தெரியாது." காலில் விழலாம் போலிருந்தது. அன்றிலிருந்து, 'தெரியாது' என்று ஒரு தடவையாவது சொல்கிறவரை மட்டும்தான் என் நோட்டில் எழுதுகிறேன்.

ஊர் வழக்கம் எங்கே பதிவாகியிருக்கும்? இங்கேதான் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 63-ஆம் பிரிவைப் படித்திருக்கிறாயா? கோயிலில் இன்னாருக்கு மரியாதை உண்டா, நடைமுறை வழக்கம் என்ன என்று பிரச்சினை வந்தால் விசாரிக்கிறவர் அறநிலையத் துறையின் இணை ஆணையர் அல்லது துணை ஆணையர்தான். இரு தரப்பும் சாட்சி, பழைய கணக்கு நோட்டு, திருவிழா அழைப்பிதழ் என்று கொண்டுவந்து கொட்டுவார்கள். 29-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு பதிவேடு வேறு உண்டு. கோயில் வரலாறு, பழைய தர்மகர்த்தாக்கள் பெயர், நகை, நிலம், ஊழியருக்கு என்ன வரும்படி, எல்லாம் அதில் இருக்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனுப் போட்டிருக்கிறேன். வந்தால் உனக்கும் ஒரு நகல்.

சாதிப் பிரச்சினை பற்றிக் கேட்கலாம் என்றால், அமைப்புகள் கதை வேறு. பாதிக்கு மேல் லெட்டர் பேடு சங்கங்கள், தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் ஒரே வீட்டில். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் உறுப்பினர் பட்டியலையும் வரவு செலவையும் பார்த்தால் சாயம் வெளுத்துவிடும். ஆனால் ஊர் ஊராக நடந்து கணக்கெடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் தலித் மக்களைப் பிரித்து வைத்த சுவர் 1989-இல் எழுப்பியது. 2008-இல் அதில் ஒரு பகுதி இடிக்கப்பட்டதற்குப் பின்னால் தீண்டாமை ஒழிப்பு முன்னணிக்காரர்களின் அப்படிப்பட்ட கள வேலை இருந்தது. ஸ்டுடியோவில் உட்கார்ந்திருந்த யாருக்கும் அந்தச் சுவர் கண்ணில் படவில்லையே.

இப்போது என் கவலைக்கு வருகிறேன். நான் பார்த்தவர்களிலேயே அதிகம் தெரிந்தவர் ஒரு பறைக்காரர். எந்தத் தெரு வரை சப்பரம் வரும், எந்த முனையில் திரும்பிவிடும், எந்த வருஷம் யார் தடுத்தார்கள் என்று குச்சியால் மண்ணில் கோடு போட்டுக் காட்டினார். கடைசியில், "பேரைப் போட்டுடாதீங்க தம்பி, நான் இந்த ஊர்லதான் இருக்கணும்" என்றார். ஆசிரியரோ பெயர், படம், பொறுப்பு மூன்றும் இல்லாமல் யாரையும் நிபுணர் என்று போட முடியாது என்கிறார். பேராசிரியருக்குப் படம் உண்டு, இவருக்குக் கிடையாதாம். இன்னும் சண்டை ஓயவில்லை. பெயரில்லாமலே அவர் சொன்னதை முதல் பக்கத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். மறுத்தால் தொடரை வேறு யாராவது எழுதிக்கொள்ளட்டும்.

உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். உன் மாமனாரோடு சீட்டாடுவாரே அந்த வக்கீல், இந்த மரியாதை வழக்குகளில்தானே தலைமுடியை நரைக்க விட்டார்? அவரிடம் பேசி ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்கிக் கொடு. நான் சீட்டில் தோற்றுப்போகத் தயார் என்றும் சொல்.

உன்
பாஸ்கர்