முகமூடி போடாத நிஞ்சாவுக்கு: ஷோ கொசுகிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கொசுகி சென்செய்,

வணக்கம். 1983ல நீங்க ஹீரோவா நடிச்சு, சண்டையும் அமைச்ச 'ரிவெஞ்ச் ஆஃப் தி நிஞ்சா' படத்தைப் பத்தி பேசறவங்ககிட்ட நான் கேக்கறது ரெண்டே ரெண்டு வசனம்தான். ஒண்ணு, "செம்ம மசாலா படம்ப்பா". இன்னொண்ணு, "நிஞ்சா பத்தி அதுல காட்டறது எல்லாம் புருடா". ரெண்டுமே தப்பில்ல. ஆனா அதுக்கு நடுவுல ஒரு பெரிய விஷயம் விட்டுப்போகுது, அந்தப் படத்துல உங்க உடம்பு செஞ்ச வேலை. நான் ஷிட்டோ ரியூ கராத்தே பழகறவன், அதனாலயோ என்னவோ எனக்கு அந்தப் படத்துல கதையை விட உங்க கால் எங்க ஊனுது, இடுப்பு எப்போ திரும்புது, அடிச்ச கை எங்க திரும்பி வருதுங்கறது தான் முதல்ல கண்ணுல படுது, அதைப் பத்தி உங்ககிட்டயே சொல்லணும்னுதான் இந்தக் கடிதம்.

முதல்ல 1981 'என்டர் தி நிஞ்சா'ல இருந்து வரேன், ஏன்னா அங்க நடந்தது தெரியாம அடுத்த படத்தோட அருமை புரியாது. கதை மைக் ஸ்டோனோடது, அமெரிக்கக் கராத்தே போட்டிகள்ல பெரிய பேரு, அவரே ஹீரோவா நடிக்கறதாத்தான் இருந்துச்சு. பிலிப்பைன்ஸ்ல ஷூட்டிங். கடைசில படத்தை எடுத்த கேனன் கம்பெனியோட மெனஹெம் கோலன் தானே டைரக்ஷனை எடுத்துக்கிட்டு, ஹீரோவா இத்தாலி நடிகர் ஃப்ராங்கோ நீரோவைப் போட்டாரு. மைக் ஸ்டோன் ஃபைட் மாஸ்டராவும் நீரோவுக்கு டூப்பாவும் இருந்துட்டாரு. அதாவது வெள்ளை நிஞ்சா டிரெஸ்ஸுக்குள்ள சண்டை போட்ட உடம்பு ஒருத்தரோடது, முகமூடியைக் கழட்டினா தெரியற முகம் இன்னொருத்தரோடது. உங்களுக்கு கறுப்பு டிரெஸ், ஹாசெகாவாங்கற வில்லன் வேஷம், க்ளைமேக்ஸ்ல தோத்து, மானத்தோட சாக விடுன்னு ஹீரோகிட்டயே கேட்டு தலையைக் கொடுக்கற பாத்திரம். வில்லனா வந்தும் படம் முடிஞ்சப்போ மனசுல நின்னது நீங்கதான். எனக்கு மட்டும் இல்ல, கேனன்காரங்களுக்கும் அது தெரிஞ்சிருக்கும், இல்லன்னா ரெண்டே வருஷத்துல உங்களையே ஹீரோவாக்கி அடுத்த படம் எடுத்திருக்க மாட்டாங்க.

அது சின்ன விஷயம் இல்ல சென்செய். எண்பதுகளோட ஆரம்பத்துல அமெரிக்கக் கம்பெனி எடுக்கற ஒரு ஆக்‌ஷன் படத்துல டோக்கியோல பொறந்து வளர்ந்த ஒருத்தர் ஹீரோ, இங்கிலீஷ் உச்சரிப்பு ஜப்பான் வாசனையோடதான் வருது, அதை மறைக்கல, கூடவே வயசான அம்மா, சின்னப் பையன். டைரக்டர் சாம் ஃபர்ஸ்டென்பெர்க், அதுக்கு முன்னாடி இந்த மாதிரி சண்டைப் படம் எடுத்தவர் கிடையாது. சண்டை அமைச்சது நீங்க. இது படம் முழுக்கத் தெரியுது, தெரியாதவங்க சண்டையை வெட்டி வெட்டி ஒட்டுவாங்க, இதுல கேமரா பல இடத்துல பின்னாடி போய் நின்னுக்கிட்டு தலையில இருந்து கால் வரைக்கும் காட்டுது.

எனக்குப் புடிச்ச சண்டை எதுன்னா அந்தப் பார்க் சண்டைதான். மொட்டை மாடி க்ளைமேக்ஸ் கூட அப்புறம்தான். நீங்களும் கீத் விட்டாலியும் ஒரு ரவுடி கும்பல்கிட்ட விசாரிக்கப் போறீங்க, வாக்குவாதம் முத்தி அடிதடி ஆகுது. கறுப்பு டிரெஸ் இல்ல, வாள் இல்ல, புகை இல்ல. பட்டப்பகல். வீட்ல போடற துணி. விட்டாலி அமெரிக்க டோர்னமென்ட் கராத்தேல கொடிகட்டிப் பறந்தவர், அவரோட உதை நீளமா சுத்தமா போட்டில பாயின்ட் எடுக்கற மாதிரியே வருது, காலை உடனே மடக்கி எடுத்துடுவாரு. நீங்க அப்படி இல்ல. நீங்க கிட்ட போறீங்க. ஒருத்தனை அடிக்கும்போதே அடுத்தவன் எங்கன்னு உங்க கண்ணு ஏற்கெனவே போயிடுச்சு, அடிச்ச கை தொங்காம இடுப்புக்கு வந்து அடுத்ததுக்குத் தயாரா நிக்குது, விழுந்தவன் மேல ஒரு நொடி கவனம் வெச்சிட்டுத்தான் திரும்பறீங்க. எங்க கிளாஸ்ல கட்டா, அதாவது தனியா வரிசையா செய்யற அடிமுறை, செய்யும்போது கடைசி குத்து முடிஞ்ச உடனே ரிலாக்ஸ் ஆனா மாஸ்டர் சத்தம் போடுவாரு, சண்டை முடிஞ்சாலும் மனசு முடியக்கூடாதும்பாரு, அந்த ஸான்ஷின் என்னன்னு வாயால சொல்லிப் புரிய வைக்கறது ரொம்பக் கஷ்டம், உங்க பார்க் சண்டையைப் போட்டுக் காட்டினா போதும். ரெண்டு வேற வேற கராத்தேயை ஒரே ஃப்ரேம்ல பக்கத்துல பக்கத்துல வெச்சு, எது எங்க பிரயோஜனம்னு ஒரு வார்த்தை பேசாம காட்டியிருக்கீங்க. வேன் சண்டையும் அப்படித்தான், கடையில திருடிட்டு ஓடறவங்க வண்டியில தொங்கிக்கிட்டே போறீங்க, அதுலயும் நிஞ்சா டிரெஸ் இல்ல.

இங்கதான் நான் சொல்ல வந்த விஷயமே இருக்கு. நிஞ்சா படம்னு பேரு, ஆனா அதுல தற்காப்புக் கலை உண்மையா இருக்கற இடம் எல்லாம் நீங்க முகமூடி இல்லாம இருக்கற இடம். முகமூடி போட்ட உடனே படம் வேற மாதிரி ஆயிடுது, வில்லன் ப்ரேடன் அந்த வெள்ளி முகமூடியோட வந்து நெருப்பு விடறான், புகை விடறான், கண்ணாலேயே பொண்ணை வசியம் பண்றான். பார்க்க ஜோரா இருக்கு, இல்லன்னு சொல்லல. சால்ட் லேக் சிட்டில எடுத்த அந்த மொட்டை மாடி சண்டையை, அவ்வளவு உயரத்துல, கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் இல்லாத காலத்துல எடுத்தாங்கங்கறதே மரியாதைக்குரிய விஷயம். ஆனா அது வித்தைக்காரன் சண்டை, பார்க்ல நடந்தது கராத்தேக்காரன் சண்டை.

பொய்னு சொல்றவங்களுக்கும் இதையே சொல்லணும். 1676ல தொகுத்த 'பான்சென்ஷூகாய்'ங்கற நூல் இருக்கு, ஜப்பான்ல இகா, கோகா ரெண்டு பகுதி ஷினோபிகளோட, அதாவது நிஞ்சாக்களோட, வித்தைகளையும் சேர்த்து எழுதினது. அதுல கைகலப்பு சண்டை பத்தி கிட்டத்தட்ட ஒண்ணுமே கிடையாது. சுவர் ஏறும் கருவி, நீர் தாண்டும் கருவி, பூட்டு திறக்கறது, நெருப்புக் கலவை, வானிலை பார்க்கறது, எதிரி கோட்டைக்குள்ள போய் சேதி எடுத்துட்டு உயிரோட திரும்பறது, இதுதான் பாடம். அதையெல்லாம் விட முன்னாடி மனசு நேரா இருக்கணும்னு ஒரு பகுதி வெச்சிருக்காங்க, சுயநலத்துக்கு இந்த வித்தையை எடுத்தா அது வெறும் திருட்டுதான்ங்கற ரீதியில. அப்புறம் உள்ள நுழையறதையே ரெண்டா பிரிக்கறாங்க. ஒண்ணு இருட்டுல மறைஞ்சு போறது. இன்னொண்ணு வேஷம் போட்டுக்கிட்டு முகத்தைக் காட்டிட்டே போறது. 1681 'ஷோனிங்கி' நூல் அந்த வேஷங்களையும் வரிசையா சொல்லுது, புல்லாங்குழல் ஊதற துறவி, மலைச் சாமியார், வியாபாரி, கூத்தாடி, அப்புறம் சும்மா சாதாரண ஆளு. தலையில இருந்து கால் வரைக்கும் கறுப்பு டிரெஸ்ஸுங்கறது ஜப்பானோட கபுகி நாடகத்துல பொருள் எடுத்து வைக்கற கறுப்பு உடை ஆளுங்ககிட்ட இருந்து வந்ததுன்னு சொல்றாங்க, மேடையில அவங்களைக் கண்டுக்காம இருக்க ஜனங்க பழகியிருந்தாங்க, அவங்கள்ல ஒருத்தன் திடீர்னு கத்தியை எடுத்தா எப்படி இருக்கும்!

அப்போ யோசிச்சுப் பாருங்க, நீங்க நடிச்ச சோ ஒசாகி பாத்திரம் என்ன பண்றாரு? ஜப்பான்ல குடும்பத்தைப் பறிகொடுத்துட்டு அமெரிக்கா வந்து பொம்மைக் கடை வெச்சிருக்காரு. சாதாரண சட்டை போட்ட வியாபாரி. உள்ளே இருக்கற வித்தை ஒருத்தருக்கும் தெரியாது. அந்தப் பழைய நூல்கள் சொல்ற ஆளு இவருதான், மொட்டை மாடில கறுப்பு டிரெஸ்ல நிக்கறவர் இல்ல. கதை எழுதினவங்க இதை யோசிச்சுப் பண்ணாங்களா, தற்செயலா அமைஞ்சதா, எப்படியோ படத்துல வந்து உக்காந்துடுச்சு.

ஒசாகி மூட்டை கட்டி வெச்ச ஆயுதங்களைத் திரும்ப எடுத்து தயாராகற சீனையும் சொல்லாம இருக்க முடியாது. நீங்க விரலைக் கோர்த்து ஒவ்வொரு முத்திரையா போடறீங்க. அந்த ஒன்பது முத்திரை ஜப்பானோட மறைஞான பௌத்தத்துலயும் மலைச் சாமியார்கள் வழக்கத்துலயும் இருக்கறது, மனசை ஒரு இடத்துல நிறுத்தறதுக்கு. அதை மந்திர சக்தி மாதிரி காட்டின படங்கள் ஏராளம், கேனன் படங்களும் அதுல உண்டு. ஆனா உங்க விரல் அவசரப்படல. சண்டைக்கு முன்னாடி ஒரு ஆளு மூச்சை அடக்கி நிதானத்துக்கு வர்ற மாதிரிதான் இருக்கு, ஸ்டைல் காட்டற மாதிரி இல்ல, அதனால அதுவும் எனக்குப் பொய்யா தெரியல.

பாட்டி சண்டைக்கு வரேன். க்ரேஸ் ஓஷிதா நடிச்ச உங்க அம்மா பாத்திரம், வயசானவங்க, வீட்டுக்குள்ள வந்த முகமூடிக்காரனை எதிர்த்து நிக்கறாங்க, செத்தும் போறாங்க. உங்க சொந்தப் பையன் கேன் படத்துலயும் பையனாவே வர்றான், ஸ்கூல்ல வம்பிழுக்கற பசங்களை அடிக்கறான். பாட்டி, அப்பா, பேரன்னு மூணு தலைமுறை ஒரே வீட்ல இந்தக் கலையை வெச்சிருக்காங்கன்னு காட்டின ஆக்‌ஷன் படம் எத்தனை? கலைங்கறது குருகுலத்துல ஒரு தனி ஹீரோ கத்துக்கறதுன்னே படங்கள் சொல்லிட்டிருந்துச்சு, இதுல அது சமையல் மாதிரி வீட்டு விஷயம். கேன் பின்னாடி ஜப்பானுக்கே போய் 1994ல 'நிஞ்ஜா சென்டாய் ககுரேஞ்சர்' டிவி தொடர்ல கறுப்பு நிஞ்சாவா நடிச்சது, 'சாசுகே'ங்கற டிவி தடைதாண்டும் போட்டில சுவர் ஏறினதெல்லாம் பார்க்கும்போது அந்தப் படத்துல தெரிஞ்சது வெறும் நடிப்பு இல்லன்னு புரியுது.

எனக்கு ஒத்துக்க முடியாததையும் சொல்லிடறேன். ஆரம்பத்துல குழந்தையைக் கொல்றது தேவையே இல்ல, அது அதிர்ச்சிக்காக மட்டும் வெச்சது. ப்ரேடன் வசியம் பண்ற அந்த கேத்தி பாத்திரத்தை எழுதின விதமும் மோசம். ஷூரிகென்ங்கற வீசற இரும்பு நட்சத்திரத்தை மெஷின்கன் கணக்கா வீசறதும் அப்படித்தான், அது எதிரியைத் தடுமாற வைக்கற சின்ன ஆயுதம், படங்கள் அதைக் கொலைக் கருவி ஆக்கி, பசங்க வாங்கி விளையாடி, பிரிட்டன்ல 1988ல அதை விக்கறதையே சட்டம் போட்டு நிறுத்தற அளவுக்குப் போச்சு.

ஆனா எனக்கு உண்மையான வருத்தம் அடுத்து நடந்ததுலதான். 1984 'நிஞ்சா 3'ல உங்களை ஒரு கண்ணை மூடி துணைப் பாத்திரம் ஆக்கிட்டாங்க, கதை ஏரோபிக்ஸ் பண்ற பொண்ணு மேல நிஞ்சா ஆவி இறங்கறது. 1985ல 'அமெரிக்கன் நிஞ்சா', ஹீரோ மைக்கேல் டூடிகாஃப், நல்ல மனுஷனா திரையில தெரியறாரு, ஆனா தற்காப்புக் கலைப் பின்னணி பெருசா இல்லாதவர், மைக் ஸ்டோன்தான் திரும்ப வந்து சண்டை அமைச்சாரு. சுத்தி அதே இடத்துக்கு வந்துட்டாங்க, முகமூடிக்குள்ள யாரு இருந்தா என்னங்கற இடத்துக்கு. உங்க மாதிரி ஒருத்தர் முகத்தைக் காட்டிட்டு, முழு ஃப்ரேம்ல, வெட்டாம அடிச்ச அந்த வழியை அவங்க இன்னும் ரெண்டு மூணு படத்துக்காவது விடாம புடிச்சிருக்கணும்னு நான் மனசார நினைக்கறேன்.

உங்ககிட்ட கேக்க எனக்கு மூணு கேள்வி இருக்கு. பார்க் சண்டையில விட்டாலியோட உதையோட தூரத்துக்கும் உங்க கை தூரத்துக்கும் இடையில யாரு யாருக்காக விட்டுக்கொடுத்தீங்க? பாட்டியோட சண்டையில அவங்க வயசுக்கு ஏத்த அடிகளை எப்படித் தேர்ந்தெடுத்தீங்க, அதுல எதையாவது அவங்களே சொன்னாங்களா? கேனுக்கு அந்த ஸ்கூல் சண்டையை வீட்ல சொல்லிக்கொடுத்தீங்களா, செட்லயா? ஃபர்ஸ்டென்பெர்க் சார் பேட்டிகள்ல நிறைய பேசியிருக்காரு, எனக்கு வேண்டியது ஃபைட் மாஸ்டரோட பதில், அடி அடியா, கால் எங்க வெச்சீங்கங்கற வரைக்கும்.

பணிவன்புடன்,
கராத்தே பழகும் ஒரு மாணவன்