யார் சோறு போடுகிறார்கள்?

செந்தூல், கோலாலம்பூர்.

அன்பு ராமையா,

கடிதம் கிடைத்தது. என் முட்டி வலியை அப்புறம் பேசுவோம், முதலில் உன் தங்கை மகளின் விவாகரத்து விஷயம்.

புருஷனுக்குச் சம்பளம் அதிகம், அதனால் பிள்ளையை அவனிடம்தான் கொடுப்பார்கள் என்று யாரோ அவளைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். சம்பளம் அதிகம் என்றால் பிள்ளைச் செலவுக்கு அதிகம் கட்டச் சொல்வார்கள், அவ்வளவுதான். முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 88-ஆவது பிரிவை லாயரிடம் கேட்டுப் படிக்கச் சொல். பினாங்கு லைட் ஸ்திரீட் கோர்ட்டுக்கும் அதே சட்டம்தான். பிள்ளையின் நலன்தான் முதல் கணக்கு. 7 வயதுக்குக் கீழே என்றால் தாயிடம் இருப்பதே நல்லது என்று எடுத்துக்கொள்வார்கள். தகப்பன் ஆதாரம் காட்டி அதை மாற்றலாம். ஆனால் பழகிய இடத்திலிருந்து பிள்ளையைப் பிடுங்குவதற்குக் கோர்ட் யோசிக்கும். அதனால் அவள் இப்போது வீடு மாறாமல் இருப்பது நல்லது.

என் மகன் வழக்கு நடந்தபோது பேரனுக்கு 9 வயது. 7 வயதுக் கணக்கு நமக்குக் குறுக்கே வராது என்று தெம்பாகத்தான் போனோம். இங்கே ஜாலான் டூத்தா கோர்ட்டில் நீதிபதி அவனை மட்டும் அறைக்குள் கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்தவனிடம், கேட்கக் கூடாதுதான், "என்னய்யா கேட்டாங்க?" என்றேன். "ஸ்கூல் விட்டு வந்தா யார் சோறு போடுறாங்கன்னு கேட்டாங்க, தாத்தா." எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. போட்டது அவன் அம்மாதான். வழக்கில் தோற்றுவிட்டோம் என்று ரொம்ப நாள் சொல்லித் திரிந்தேன்.

ஒன்று மட்டும் மறக்காதே. 'நியாயமான நேரத்தில் சந்திக்கலாம்' என்று மொட்டையாக எழுதிய உத்தரவோடு வந்துவிடாதீர்கள். எங்களுக்கு அப்படித்தான் வந்தது. நியாயம் எத்தனை மணிக்கு முடிகிறது என்று வாரா வாரம் வாசலில் சண்டை, பையன் செருப்பைப் போட்டுக்கொண்டு நடுவில் நிற்பான். திரும்ப மனுப் போட்டு நாள், நேரம், தீபாவளி யாரிடம், பாஸ்போர்ட் யாரிடம் என்று எல்லாம் எழுதி வாங்கினோம். இப்போது ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனி, ஞாயிறு எங்களோடு.

போன சனிக்கிழமை அவன் பையைத் திறந்தால், துணிக்கு மேலே ஒரு டப்பா முறுக்கு. 'தாத்தாவுக்கு' என்று மருமகள் கையெழுத்து. வெறும் டப்பாவைத் திருப்பி அனுப்பக் கூடாதே என்று வீட்டில் நெய்யுருண்டை பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
கோவிந்தன்