ஆலை நடத்திக்கொண்டே மக்கள் மன்றத்திலும் அமர்ந்திருப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களே,

வேலை நேரம் பற்றிய மசோதா அவைக்கு வரும்போதெல்லாம் உங்கள் சொல்லுக்குத் தனி மதிப்பு இருக்கிறது; ஆலையை உள்ளிருந்து அறிந்தவர்கள் நீங்கள். வாக்களிக்கும் முன், இங்கிலாந்தின் டாட்மார்டன் ஊரில் பஞ்சாலை நடத்திய ஜான் ஃபீல்டனின் வாழ்க்கையை எண்ணிப் பார்க்குமாறு வேண்டுகிறேன்.

1784இல் பிறந்த அவர், பத்து வயதைக் கடந்ததுமே தந்தையின் ஆலையில் வேலைக்குச் சேர்க்கப்பட்டார். அந்த வயதில் உடல் பட்ட அயர்வை இறுதிவரை அவர் மறக்கவில்லை. பின்னாளில் சகோதரர்களுடன் சேர்ந்து அவர் நடத்திய நிறுவனம் பிரிட்டனின் மிகப் பெரிய பருத்தி நிறுவனங்களுள் ஒன்றாயிற்று. 1832இல் ஓல்டாம் தொகுதி அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது.

நூற்பு இயந்திரத்தின் பின்னால் ஓடும் குழந்தை ஒரே நாளில் 24 மைல் நடக்கிறது என்று மான்செஸ்டர் கூட்டமொன்றில் ஒருவர் சொன்னபோது ஃபீல்டனுக்கு வியப்பாக இருந்தது. வியந்ததோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. தம் ஆலைக்கே சென்று, கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, ஒரு சிறுமியின் வேலையைக் கவனித்துக் கணக்கிட்டார். அவள் நடந்த தூரம் 20 மைலுக்குக் குறையவில்லை. தம் ஆலைக்கு எதிராகவே சாட்சியாகும் அந்தக் கணக்கை அவர் ஊரறியச் சொன்னார். அவரிடம் நான் மிகவும் போற்றுவது இந்தச் செயலைத்தான்.

பெண்களுக்கும் 18 வயதுக்குட்பட்ட இளையோருக்கும் நாளொன்றுக்குப் பத்து மணி நேரமே வேலை என்ற மசோதா 1846இல் பத்தே வாக்குகளில் தோற்றது. மறு ஆண்டு ஃபீல்டன் அதை மீண்டும் கொண்டுவந்தார். ராச்டேலில் ஆலை வைத்திருந்த ஜான் பிரைட் போன்ற உறுப்பினர்கள் கடுமையாக எதிர்த்தும், 1847 ஜூனில் அது சட்டமாயிற்று. அதே ஆண்டுத் தேர்தலில் ஃபீல்டன் தொகுதியை இழந்தார், 1849இல் காலமானார்.

வேலை நேரத்தை நீட்டினால்தான் தொழில் பிழைக்கும் என்று அவையில் வாதிட உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அதற்கு முன், உங்கள் ஆலையிலேயே ஒரு ஷிஃப்ட் முழுவதும் நின்று, ஒரு தொழிலாளி எவ்வளவு தூரம் நடக்கிறார், எத்தனை நிமிடம் உட்காருகிறார், எத்தனை மணிக்கு வீடு சேருகிறார் என்பதை நீங்களே அளந்து, அந்தக் கணக்கை உங்கள் பெயரிலேயே அவைக் குறிப்பில் பதிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாக்காளர்