அசல் சரவுண்ட் பதிப்புக்குப் பதிலாக நகல் வட்டு அனுப்பியது குறித்த புகார்

அனுப்புநர்
தங்கள் வாடிக்கையாளர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.

பெறுநர்
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
இணையவழி இசைத்தட்டு விற்பனை நிறுவனம்,
சென்னை.

நாள்: 18.11.2024

பொருள்: கிங் கிரிம்சன் குழுவின் 'இன் த கோர்ட் ஆஃப் த கிரிம்சன் கிங்' ஆல்பத்தின் 40ஆம் ஆண்டுப் பதிப்பு, சிடி மற்றும் டிவிடி-ஆடியோ – நகல் வட்டு வழங்கியமை – அசல் வட்டு அல்லது முழுப் பணம் கோருதல் தொடர்பாக.

பார்வை: தங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் 11.11.2024 நாளிட்ட மின்னஞ்சல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். மேற்கண்ட பதிப்பை 21.10.2024 அன்று ரூ. 4,850 செலுத்தித் தங்கள் நிறுவனத்தில் ஆர்டர் செய்திருந்தேன். தீபாவளி விடுமுறை கழிந்து 4.11.2024 அன்று பார்சல் கோத்தகிரிக்கு வந்து சேர்ந்தது. உறைக்குள் இருந்த இரண்டு வட்டுகளில் சிடி அசலாகவே இருக்கிறது. ஆனால் எந்த வட்டுக்காக இந்தப் பதிப்பை வாங்கினேனோ அந்த டிவிடி-ஆடியோ வட்டு, அதாவது கேட்பவரைச் சுற்றி வைத்த ஸ்பீக்கர்களுக்கான உயர்தரச் சரவுண்ட் ஒலி இருக்க வேண்டிய வட்டு, யாரோ கணினியில் எழுதி எடுத்த நகல். மறுநாளே இதைத் தங்களுக்குத் தெரிவித்தேன். ஆறு நாட்கள் கழித்து வந்த பதிலில், எல்லா ஸ்பீக்கர்களிலும் ஒலி வருவதால் பொருளில் குறை இல்லை என்றும், சீல் பிரிக்கப்பட்டுவிட்டதால் திரும்பப் பெற இயலாது என்றும் சொல்லப்பட்டிருந்தது. இந்த இரண்டு காரணங்களையும் நான் ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஏனெனில் எனக்குப் பதில் எழுதியவர், தாம் விற்ற பொருள் இன்னதென்று அறிந்து எழுதியதாகத் தோன்றவில்லை.

கிங் கிரிம்சன் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் இந்த ஆல்பம் 1969 அக்டோபரில் வெளிவந்தது. லண்டனின் வெசெக்ஸ் ஸ்டுடியோவில், எட்டுத் தடங்கள் கொண்ட ஒலிநாடாவில் பதிவானது. குழுவினர் மனத்தில் இருந்த இசைக்கு எட்டுத் தடங்கள் போதவில்லை. குறிப்பாக, இயன் மெக்டொனால்ட் வாசித்த மெல்லோட்ரான் என்ற கருவியைச் சொல்ல வேண்டும். அதில் ஒரு கட்டையை அழுத்தினால் அந்தக் கட்டைக்கு உரிய நாடாத் துண்டு ஒன்று ஓடி, முன்பே பதிவுசெய்து வைத்த வயலின் கூட்டம் போன்ற ஒலியைச் சுமார் எட்டு வினாடிகள் கொடுக்கும். அந்த ஒலியை அடுக்கின் மேல் அடுக்காக ஏற்றுவதற்காக, நிரம்பிய தடங்களை ஒன்றாகக் கலந்து வேறொரு நாடாவுக்கு மாற்றி, அதனால் காலியான தடங்களில் மேலும் பதிவு செய்தார்கள். இப்படி மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒலியின் தெளிவு சற்றுக் குறையும். ஒன்றாகக் கலந்துவிட்ட கருவிகளைப் பிறகு பிரிக்கவும் முடியாது. 2009இல் இசைக் கலைஞரும் ஒலிக்கலவையாளருமான ஸ்டீவன் வில்சனும், குழுவின் கிதார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப்பும் இந்த ஆல்பத்தை 5.1 ஒலிக்கு மறுகலவை செய்தபோது, அந்தக் கலவைக்கு முந்தைய, கிடைத்த மூல நாடாக்களுக்கே திரும்பிப் போனார்கள். 40 ஆண்டுகளாக ஒன்றுக்குள் ஒன்று புதைந்து கிடந்த ஒலிகளை இப்படித் தனித்தனியே எடுத்து, முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, தாழ்ந்த ஒலிக்கு ஒன்று என ஆறு வழிகளில் பகிர்ந்து வைத்த வேலைதான் அந்த டிவிடி-ஆடியோ வட்டில் இருக்கிறது. நான் விலை கொடுத்தது அந்த வேலைக்கு. பாட்டு மட்டும் வேண்டுமென்றால் என்னிடம் பழைய சிடி 1990களிலிருந்தே இருக்கிறது.

வந்தது நகல் என்பதை நான் ஊகத்தில் சொல்லவில்லை. ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் 31 ஆண்டுகள் மின்பணி பார்த்து ஓய்வுபெற்றவன் நான். சோதித்துப் பாராமல் ஒரு இயந்திரத்தையும் குறை சொல்லும் பழக்கம் எனக்கில்லை. முதலில், வட்டின் அடிப்பக்கம் ஊதா நிறமாக இருக்கிறது. தொழிற்சாலையில் அச்சிடப்படும் டிவிடி வெள்ளியாகவோ சற்றுப் பொன்னிறமாகவோ பளபளக்கும். வீட்டில் எழுதும் வட்டில்தான் சாயப் பூச்சினால் இந்த ஊதா நிறம் தெரியும். நடுத் துளையைச் சுற்றிய வளையத்தில், அச்சுத் தொழிற்சாலையை அடையாளம் காட்டும் ஐஎஃப்பிஐ குறியீடு இல்லை. மேற்பக்கத்துப் படம் காகிதத்தில் அச்சிட்டு ஒட்டப்பட்டது. அதன் ஓரம் ஓரிடத்தில் எழும்பி நிற்கிறது.

அடுத்து, வட்டை என் பிளேயரில் போட்டேன். டிவிடி-ஆடியோ வட்டு போட்டால் அதன் முகப்பில் ஒரு விளக்கு எரியும். என்னிடம் இருக்கும் மற்ற டிவிடி-ஆடியோ வட்டுகள் எல்லாவற்றுக்கும் எரியும் அந்த விளக்கு இதற்கு எரியவில்லை. சாதாரண சினிமா டிவிடியாகவே பிளேயர் இதை எடுத்துக்கொண்டது. கணினியில் போட்டுப் பார்த்தபோது, உயர்தர ஒலிக் கோப்புகள் இருக்க வேண்டிய ஆடியோ_டிஎஸ் கோப்புறை முற்றிலும் காலியாக இருந்தது. ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்து அனுப்பும் ரிசீவரின் திரையில் தெரிந்தது, ஒலியின் ஒரு பகுதியை இழந்து சுருக்கும் டால்பி டிஜிட்டல், வினாடிக்கு 448 கிலோபிட் என்பது மட்டுமே. தங்கள் விளம்பரம் வாக்களித்ததோ 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், இழப்பில்லாத 5.1 ஒலி. அந்தத் தரத்தில் ஆறு வழிகளுக்கும் சேர்த்து, சுருக்காமல் வைத்தால், வினாடிக்கு 13,800 கிலோபிட்டுக்கு மேல் தேவைப்படும். அது டிவிடி-ஆடியோவின் உச்ச வேகத்தையே தாண்டிவிடும் என்பதால்தான், ஒரு துளியும் இழக்காமல் சுருக்கித் தரும் எம்எல்பி என்ற முறையை அந்த வடிவத்துக்கென்று வைத்தார்கள். எனக்கு வந்த வட்டில் எம்எல்பி ஒலி இல்லவே இல்லை.

இப்போது, எல்லா ஸ்பீக்கர்களிலும் ஒலி வருகிறது என்ற தங்கள் வாதத்துக்கு வருகிறேன். என்னை மிகவும் வருத்தியது இதுதான். 'எபிடாஃப்' பாடலை ஓடவிட்டு, முன்பக்கத்து மூன்று ஸ்பீக்கர்களின் ஒயர்களையும் கழற்றிவிட்டுப் பின்பக்கத்து இரண்டை மட்டும் கேட்டேன். கிரெக் லேக்கின் குரல், டிரம், மெல்லோட்ரான் என முன்னால் கேட்ட அனைத்தும் அங்கேயும் அப்படியே, மெலிந்து, சற்றுத் தாமதமாகக் கேட்டன. பின்பக்கத்துக்கு என்று தனியாக ஒரு வரி இசைகூட இல்லை. என்னிடமுள்ள அசல் சரவுண்ட் பதிப்புகளில் இதே சோதனையைச் செய்தால், பின்னால் ஒரு துணைக் குரலோ ஒரு கிதாரோ தனக்கென்று ஒரு இடத்தில் நிற்பது தெளிவாகத் தெரியும். ஆக, யாரோ சாதாரண ஸ்டீரியோ ஒலியை எடுத்து, மென்பொருளால் ஐந்தாகப் பரப்பி, டிவிடியில் எழுதி விற்றிருக்கிறார்கள். எங்கள் மலையில் ஒரு பள்ளத்தின் ஓரத்தில் நின்று கூப்பிட்டால் எதிர்ச் சரிவிலிருந்து குரல் திரும்பி வரும். அதைக் கேட்டு அங்கே இன்னொருவர் இருக்கிறார் என்று யாரும் எண்ணமாட்டார்கள். என் வீட்டு ரிசீவரில் ஒரு பொத்தானை அழுத்தினால் எந்த ஸ்டீரியோ பாட்டும் ஐந்து ஸ்பீக்கர்களிலும் வரும், அதற்கு ரூ. 4,850 தேவையில்லை.

பிங்க் ஃபிளாய்டின் 'த டார்க் சைட் ஆஃப் த மூன்' 2003இல் எஸ்ஏசிடி என்ற உயர்தர ஒலி வட்டு வடிவில் 5.1 ஒலியுடன் வந்தபோது, குன்னூரில் ஒரு நண்பர் வீட்டில் அதைக் கேட்டேன். அந்தக் கடிகாரங்கள் நாலா பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் அடித்த மாலைதான் இந்தச் சேகரிப்புக்குத் தொடக்கம். ஜெத்ரோ டல்லின் 'அக்வாலங்' 2011இலும், யெஸ் குழுவின் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' 2013இலும், ஜென்டில் ஜெயண்டின் 'ஆக்டோபஸ்' 2015இலும் சரவுண்ட் ஒலியுடன் மறுபதிப்பாக வந்தபோது, ஒவ்வொன்றுக்கும் பணம் சேர்த்து, சில சமயம் ஓராண்டு காத்திருந்து வாங்கினேன். இந்தப் பதிப்புகள் குறைந்த எண்ணிக்கையில் அச்சாகின்றன. தீர்ந்துவிட்டால் பெரும்பாலும் பழைய வட்டுச் சந்தையில்தான் தேட வேண்டியிருக்கும். இந்த ஆல்பத்துக்கே 2019இல் புதிய 5.1 கலவையும், அடுத்த ஆண்டு, தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் அட்மாஸ் கலவையும் வந்தன என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் 2009ஆம் ஆண்டுக் கலவை தனியான ஒரு படைப்பு. சேகரிப்பவருக்கு ஒன்றுக்குப் பதில் மற்றொன்று ஆகாது. ஆகவே 'புதிய பதிப்பைத் தள்ளுபடியில் தருகிறோம்' என்ற மாற்று யோசனை வந்தால் அதை நான் ஏற்க இயலாது என்பதை இப்போதே தெரிவித்துவிடுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. ஐப்பசி, கார்த்திகையில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கும். புத்தகம், தோல் செருப்பு, கேமரா லென்ஸ் என எல்லாவற்றிலும் பூஞ்சை பிடிக்கும். என் வட்டுகளைச் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு மூடிய பெட்டிகளில் வைத்துக் காத்துவருகிறேன். அச்சிட்ட வட்டு இந்த ஈரத்தைத் தாங்குகிறது. சாயப் பூச்சில் எழுதிய வட்டோ ஈரம், வெப்பம், வெளிச்சம் மூன்றாலும் கெடக்கூடியது. தங்கள் நிறுவனம் அனுப்பியது ஒலியில் மட்டுமல்ல, ஆயுளிலும் அசலுக்கு ஈடாகாது.

சீலைப் பிரித்ததைக் குற்றமாகச் சொல்லியிருக்கிறீர்கள். சீலைப் பிரிக்காமல் வட்டின் அடிப்பக்க நிறத்தை எப்படிப் பார்ப்பது? ஒருவேளை திரும்பப் பெற ஒப்புக்கொண்டாலும், எங்கள் பின்கோடில் திரும்ப எடுக்கும் வசதி இல்லை என்றும், பார்சலை நானே மேட்டுப்பாளையம் கூரியர் அலுவலகத்தில் கொண்டுவந்து தர வேண்டும் என்றும் தங்கள் ஊழியர் தொலைபேசியில் கூறினார். மேட்டுப்பாளையம் இங்கிருந்து சுமார் 33 கிலோமீட்டர். மழை நாளில் மலைப்பாதையில் மண் சரிந்தால் பஸ் நின்றுவிடும். கொண்டுவந்து கொடுக்கும்போது வீடு வரை வர முடிந்த கூரியர், எடுத்துச் செல்லவும் வர வேண்டும் என்று கேட்பது அதிகமில்லை.

நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், 2020இன்படி, பொருள் போலியாகவோ, விளம்பரப்படுத்திய தன்மைகள் இல்லாததாகவோ இருந்தால் விற்பனையாளர் அதைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. சீல் பற்றிய தங்கள் சொந்த நிபந்தனை அந்த விதியை மீற முடியாது. அதே விதிகளின்படி இந்தப் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டியது தங்கள் பொறுப்பு. மேலும், அசல் பதிப்பை வெளியிட்டவர்கள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை என்பதையும் பதிவு செய்கிறேன். அவர்களும் கலைஞர்களும் இந்த நகலால் என்னைப் போலவே ஏமாற்றப்பட்டவர்கள். உரிமையில்லாத நகலை விற்பது பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி குற்றம் என்பதால், இந்த வட்டு தங்களுக்கு யாரிடமிருந்து வந்தது என்று விசாரிப்பது தங்களுக்கும் நல்லது.

ஆகவே, 2009ஆம் ஆண்டு 40ஆம் ஆண்டுப் பதிப்பின் அசல் டிவிடி-ஆடியோ வட்டை, மழை புகாத உறையில், தங்கள் செலவிலேயே எனக்கு அனுப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அது தங்களிடம் இல்லையென்றால் ரூ. 4,850ஐ முழுமையாக என் வங்கிக் கணக்கில் திருப்பிச் செலுத்துங்கள். நகல் வட்டை என் வீட்டில் வந்து பெற்றுக்கொள்ளுங்கள். அதுவரை அதை ஆதாரமாக என்னிடமே வைத்திருப்பேன். எனக்கு முன்பு இதே பதிப்பை வாங்கியவர்களுக்கும் இது குறித்துத் தகவல் தெரிவிக்க வேண்டும், விசாரணை முடியும் வரை இந்தப் பொருளை விற்பனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பதும் என் கோரிக்கை. பிளேயர் விளக்கு இல்லாத வாடிக்கையாளர் ஒருவர், இதுதான் அந்தப் புகழ்பெற்ற சரவுண்ட் கலவை என்று நம்பி, ஏமாற்றத்தோடு வட்டை அலமாரியில் வைத்துவிட்டிருக்கக் கூடும்.

வட்டின் இருபக்கப் படங்கள், காலியான கோப்புறையைக் காட்டும் கணினித் திரையின் படம், பின்பக்க ஸ்பீக்கர்களை மட்டும் ஓடவிட்டு எடுத்த ஏழு நிமிட வீடியோ, பில்லின் நகல் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். ஒரு மாதத்துக்குள் தீர்வு கிடைக்கவில்லையெனில், வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இடமளிப்பதால், உதகமண்டலத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு அளிப்பேன்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்,
கோத்தகிரி.