கோபாலுக்கு அழுறீங்க சரி, சித்ராவுக்கு யாரு அழுவா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

2025 ஜூலையில சரோஜாதேவி அம்மா காலமானதுல இருந்து உங்க பேப்பர்ல ‘புதிய பறவை’ பத்தி வாசகர்ங்க எழுதுறது நிக்கவே இல்ல. நான் ரங்கூன்ல இருந்து போன்லதான் படிக்கிறேன், இங்க நெட்டு வந்தா வரும் போனா போகும், ஆனாலும் அந்தப் பகுதிய மட்டும் விடுறதில்ல. படிச்சுப் படிச்சு எனக்கு ஒரு கடுப்பு சேர்ந்துபோச்சு, அதைக் கொட்டத்தான் இந்த லெட்டர்.

எழுதுறவங்கள்ல பாதிப்பேரு அந்தப் படத்துல சரோஜாதேவி அம்மா நடிச்ச லதாவைத் திட்டுறாங்க. கல்யாணம் பண்ணிக்கறேன்னு சொல்லி ஒரு நல்ல மனுஷனை நம்ப வெச்சு கடைசியில கைவிலங்கு மாட்டிட்டாளே, இதைவிட பெரிய துரோகம் உண்டான்னு கேக்குறாங்க. இன்னொரு கூட்டம், அவ போலீஸு, அவ கடமையைச் செஞ்சா, அவளும் உள்ளுக்குள்ள அழுதாளேன்னு அவளுக்கு வக்காலத்து. மிச்சப்பேருக்கு விஸ்வநாதன் ராமமூர்த்தி, கண்ணதாசன், சுசீலாம்மா குரல், அப்புறம் அந்த ‘கோப்பால்’, அதோட சரி. அவங்களை நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், அந்தப் பாட்டுங்களுக்காக மட்டும் படத்தைப் பாக்கறது ஒரு குத்தமா என்ன.

ஆனா இத்தனை பேர்ல ஒருத்தர்கூட சித்ராவைப் பத்தி ஒரு வரி எழுதல. செத்துப்போனவ அவதானேங்க?

படம் பாக்காத சின்னப் பிள்ளைங்களுக்காக சுருக்கமா சொல்லிடறேன். கோபால் பெரிய பணக்காரன், சிவாஜி. சிங்கப்பூர்ல இருந்து கப்பல்ல வர்றப்போ லதாவும் அவங்கப்பாவும் பழக்கமாகுறாங்க, இவன் தன்னோட பங்களாவுலயே வந்து தங்குங்கன்னு கூட்டிட்டு வர்றான், காதல் வருது. ரயிலைக் கண்டா மட்டும் இவனுக்கு என்னமோ ஆயிடுது. ஏன்னு லதா கேக்க, எனக்கு முன்னாடியே கல்யாணம் ஆச்சு, சித்ரான்னு பேரு, குடி கூத்துன்னு இருந்தா, அப்பா அதுலயே மனசு ஒடிஞ்சு போய்ட்டாரு, அவளும் ரயில்ல விழுந்து செத்துட்டான்னு கதை சொல்றான். சரின்னு நிச்சயம் பண்ற நேரத்துல செத்துப்போன சித்ராவே வாசல்ல வந்து நிக்கிறா, கூடவே மாமான்னு சொல்லிக்கிட்டு எம்.ஆர்.ராதா. இது என் பெண்டாட்டி இல்லன்னு இவன் தலைகீழா நின்னு கத்துறான், யாரும் நம்பல. கடைசியில தாங்க முடியாம, அவ வந்திருக்கவே முடியாது, அவ செத்ததை நான் பாத்தேன்னு உண்மை வெளிய வந்துடுது. கோவத்துல அவளை அறைஞ்சிருக்கான், அவளுக்கு இதயம் பலவீனம், அங்கயே போய்ட்டா. இவன் பொணத்தைக் கொண்டுபோய் தண்டவாளத்துல போட்டுட்டான். அவ்ளோதான், சித்ரான்னு வந்து நின்னவ, மாமா, லதா, லதாவோட அப்பா, எல்லாமே போலீஸு.

இப்ப சொல்லுங்க, துரோகம் யாரு பண்ணது?

அறைஞ்சது கோவம்னே வெச்சுக்குவோம். அறைஞ்சதுக்கே மன்னிப்பு கிடையாதுங்கறது என் கட்சி, அது வேற. ஆனா அதுக்கப்புறம் பண்ணது கோவம் இல்லீங்க. ஒரு பொம்பளையோட உடம்பைத் தூக்கி தண்டவாளம் வரைக்கும் கொண்டுபோயி ரயில் வர்ற நேரம் பாத்து வெச்சிருக்கான், அதுக்கு நிதானம் வேணும், யோசனை வேணும். ஊருக்கு அவ தானா செத்தவ ஆயிட்டா. செத்தவ வாயைத் திறந்து இல்லன்னு சொல்லவா போறா? அதே பொய்யைத்தான் இவன் லதாகிட்டயும் சொல்றான், அதுவும் கண்ணுல தண்ணியோட. லதா நடிச்சா நடிச்சான்னு குதிக்கிறீங்களே, கட்டிக்கப்போற பொண்ணுகிட்ட இவன் பண்ணதுக்கு என்ன பேரு? அவ நடிப்புல கடைசியில காதல் வந்துச்சு, நான் காத்திருக்கேன்னு சொல்லிட்டா. இவன் காதல்ல கடைசி நிமிஷம் வரைக்கும் உண்மை வரவே இல்ல, அதுவும் மாட்டிக்கிட்டதால வந்துச்சு.

அந்த நிம்மதி தேடுற பாட்டு இருக்கு பாருங்க, இங்க எங்க ஆளுங்க அது வந்தா டிவி சத்தத்தைக் கூட்டுவாங்க. நானும்தான். டி.எம்.எஸ் குரலு, சிவாஜி மூஞ்சி, சும்மா சொல்லக்கூடாது. ஆனா நிம்மதி வேணும்னா பக்கத்துல இருக்கற போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து போயிருக்கலாமே ஐயா, அங்க கொடுத்திருப்பாங்க.

சிவாஜி அழுதா தமிழன் உருகிடுவான், அதுதான் விஷயமே. அவரோட சொந்தக் கம்பெனி படம், தாதா மிராசி டைரக்‌ஷன், கேமரா பூரா அவரு பக்கத்துலயே நிக்குது. அவரு வேர்க்கறது தெரியும், கை நடுங்கறது தெரியும், சித்ராவை நமக்குக் காட்டறதே அவரு வாயால சொல்ற கதையிலதான். அந்தக் கதைல அவ குடிக்கிறா, ஆடுறா, புருஷன் பேச்சைக் கேக்கல. அது அவன் சொல்ற கணக்கு. அவ சொல்ற கணக்கு நமக்குக் கிடைக்கவே இல்ல. குடிக்கிற பொம்பளை தானே, போனா போறான்னு 1964லயும் தியேட்டர்ல உக்காந்தவங்க நினைச்சிருப்பாங்க, இப்ப உங்க பேப்பர்ல எழுதுறவங்களும் அதையேதான் நினைக்கிறாங்க.

போன ஆடி மாசம் கோயில் கூழ் ஊத்துன அன்னிக்கு சாயங்காலம் எங்க தெருவுல ஒரு வீட்ல இந்தப் படத்தைப் போட்டாங்க. கரண்ட் இல்ல, பேட்டரியிலதான் டிவி ஓடுச்சு, பேட்டரி தீர்றதுக்குள்ள கிளைமாக்ஸ் வந்துடணும்னு பாட்டுங்களை ஓட்டிடலாமான்னு ஒருத்தன் கேட்டு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டான். பொம்பளைங்க பாயில, ஆம்பளைங்க வாசப்படியில, நடுவுல ஒரு தட்டு லாபெட், அதாங்க இந்த ஊர் ஊறவெச்ச தேயிலை. இதுல எங்க தெரு பாட்டி ஒருத்தங்க, பல்லு பாதி போச்சு ஆனா பேச்சு முழுசா இருக்கு. எல்லாரும் போலீஸுன்னு தெரிய வர்ற சீன்ல எல்லாரும் ஆ-ன்னு வாயைப் பொளந்துட்டு இருக்காங்க, பாட்டி மட்டும், “ஏண்டா, பணக்காரன்ங்கறதால இவனுக்கு இவ்ளோ மரியாதையா வேஷம் கட்டி ஆடுறானுவ. நம்ம தெருப் பயலா இருந்தா அன்னிக்கு ராத்திரியே லாக்கப்புல வெச்சு கக்க வெச்சிருப்பானுவ, இதுல பாட்டு என்ன, கப்பல் என்ன”ன்னாங்க.

எனக்கு அது பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. உங்க பேப்பர்ல இத்தனை பேரு எழுதியும் இந்த விஷயம் வரலியே. யோசிச்சுப் பாருங்க, கூலிக்காரன் ஒருத்தன் பெண்டாட்டி தண்டவாளத்துல செத்துக் கிடந்தா மொதல்ல பிடிக்கறது யாரை? அந்தப் புருஷனைத்தான். இங்க கோபாலு பெரிய வீட்டுப் பிள்ளை, அவன் சொன்னா சொன்னதுதான். அந்தப் பொய்யை உடைக்கறதுக்கு ஒரு டீமே கப்பல் ஏறி, அவன் சோத்தைத் தின்னு, அவன் பங்களாவுலயே தங்கி, ஒருத்தி காதலிச்சு, ஒருத்தி பெண்டாட்டியா வந்து நிக்க வேண்டி இருக்கு. அவனைக் காப்பாத்தினதும் பணம்தான், அவனுக்குத் துரோகம் வந்ததும் அந்தப் பணத்தால எழும்பின மதில் சுவருக்கு உள்ளதான். பணம் இல்லாட்டி லதாவுக்கு நடிக்கற வேலையே இருந்திருக்காது.

இந்தக் கதையோட பூர்வீகம் பாத்தீங்கன்னாலும் இதேதான். 1958ல இங்கிலீஷ்ல ‘சேஸ் எ குரூக்கெட் ஷேடோ’ன்னு வந்துச்சு, அதுல மாட்டறது ஒரு பணக்காரப் பொண்ணு, செத்துப்போன அண்ணன் நான்தான்னு ஒருத்தன் வந்து நிப்பான். அதுக்கப்புறம் 1963ல பெங்காலியில ‘சேஷ் அங்கா’, உத்தம்குமார் நடிச்சது. அப்புறம்தான் நம்ம ஆரூர்தாஸ் வசனத்துல தமிழ். மூணு பாஷையில எடுத்திருக்காங்க, மூணுலயும் மாட்டறது காசுள்ள ஆளுதான். ஏழையை வெச்சு இந்தக் கதைய எடுக்க முடியாது, ரெண்டாவது ரீல்லயே முடிஞ்சிடும்.

அன்னிக்கு எங்களோட உக்காந்திருந்த பர்மாக்கார அக்கா ஒருத்தங்க, தமிழ் நல்லா புரியும், எங்க தெருவுலயே பொறந்து வளர்ந்தவங்க, அவங்க வேற ஒண்ணு கேட்டாங்க. இவனுக்கு இவ்ளோ பணம் எங்கருந்து வந்துச்சுன்னு. யாருக்கும் பதில் தெரியல, படம் அதைப் பத்திக் கவலையே படல. பாரின்ல இருந்து வந்த பணம்னா நம்ம சினிமா கேள்வி கேக்காது, கப்பல்ல கோட்டு சூட்டோட இறங்கினா போதும். ஆனா இந்த ஊர்ல பொறந்தவங்க கேப்பாங்க, கேக்கறதுல நியாயமும் இருக்கு. 1930ல கீழ் பர்மா நெல்லு நிலத்துல நூத்துக்கு 6 பங்குதான் வட்டிக்கு விட்ட நம்ம செட்டியாருங்க கையில இருந்துச்சு, நெல்லு விலை விழுந்து சம்சாரிங்க கடனைக் கட்ட முடியாமப்போக எட்டு வருஷத்துல அது 25 ஆயிடுச்சு. வட்டிக்கு விட்டவரு நிலத்தைப் பிடுங்கணும்னு வரலன்னு நம்ம பெரியவங்க சொல்லுவாங்க, அதுவும் உண்மையா இருக்கலாம், ஆனா நிலம் போனவன் வீட்டுல அந்தக் கதைய வேற மாதிரிதான் சொல்லுவாங்க. அந்த அக்கா இதெல்லாம் பேசல, ஒரு கேள்வி கேட்டுட்டு தேயிலைய மென்னுக்கிட்டு இருந்தாங்க.

படம் ரிலீஸ் ஆனது 1964 செப்டம்பர் 12. எங்களுக்கு அந்த வருஷம் என்ன வருஷம்னு தெரியுமா ஐயா? மார்ச் மாசம் கடை கண்ணியெல்லாம் சர்க்கார் எடுத்துக்கிச்சு, மே மாசம் 50, 100 கியாட் நோட்டு செல்லாதுன்னு சொல்லிட்டாங்க. காலைல முதலாளியா எழுந்தவரு சாயங்காலம் கைய விரிச்சுக்கிட்டு நின்னாரு. அப்புறம் மெட்ராஸுக்குக் கப்பல் மேல கப்பல், போற ஆளு கையில ஒரு டிரங்குப் பெட்டி, பொம்பளைங்க கழுத்துல இருந்த நகையக்கூட ஏறறதுக்கு முன்னாடி வாங்கி வெச்சுக்கிட்ட கதை இங்க எல்லா வீட்லயும் உண்டு. எங்க சித்தப்பா குடும்பம் அப்படிப் போனதுதான். அவரு மெட்ராஸுல போய் இறங்கி, கேம்புல இருந்துக்கிட்டு மொத மொதல்ல பாத்த கலர் படம் இதுதானாம். வெளிநாட்டுல இருந்து கப்பல்ல வந்து இறங்கற தமிழன்னா கோபாலு மாதிரிதான் இருப்பான்னு அங்க எல்லாரும் நினைச்சுக்கிட்டு, ரங்கூன்ல இருந்து வந்தவங்களா, தங்கம் கொண்டாந்திருப்பீங்களேன்னு கேப்பாங்களாம். அவரு கடுதாசியில எழுதினதை எங்கப்பா படிச்சுக் காட்டுவாரு. அதுல அவரும் லதாவைத்தான் திட்டியிருந்தாரு, அது வேற கதை. சொத்து மொத்தத்தையும் தொலைச்சுட்டு வந்த மனுஷன் டிக்கெட்டு வாங்கி உக்காந்து ஒரு கோடீஸ்வரனுக்காக அழுதிருக்காரு, சிவாஜியால அதுவும் முடியும்.

இன்னொண்ணும் சொல்லணும். சௌகார் ஜானகி அம்மாவைப் பத்தி உங்க வாசகர்ங்க பேச்சே எடுக்கல. அதுவரைக்கும் முந்தானையால கண்ணைத் தொடச்சுக்கற வேஷத்துலயே பாத்த ஜானகியம்மா இதுல கிளப்புல பாடுற பொண்ணு, தலையலங்காரம் என்ன, அந்தப் பார்வை என்ன. அதுவும் ரெண்டு ஆளா நடிச்சிருக்காங்க, கோபால் சொல்ற கதைல வர்ற நிஜ சித்ரா ஒண்ணு, சித்ரான்னு சொல்லிக்கிட்டு வர்ற போலீஸுக்காரி ஒண்ணு. அடுத்த தடவை பாக்கும்போது கவனிச்சுப் பாருங்க, நிஜ சித்ரா யாரைப் பத்தியும் கவலைப்படாம தன் போக்குக்கு சிரிப்பா, பொய் சித்ரா சிரிக்கும்போது கண்ணு கோபால் மேலயே இருக்கும், அவன் மூஞ்சி எப்ப மாறுதுன்னு எடை போட்டுக்கிட்டே இருக்கும். கிளைமாக்ஸ் தெரியாம பாத்தா திமிரா இருக்கான்னு தோணும், தெரிஞ்சு பாத்தா டூட்டியில இருக்கான்னு புரியும். சரோஜாதேவி அம்மாவைக் குறைச்சு சொல்லல, அந்தக் கொஞ்சல் பேச்சுல ஒரு போலீஸுக்காரி ஒளிஞ்சிருக்கான்னு யாரு நினைப்பா, அதனாலதான் ஜனங்களுக்கு இன்னிக்கும் கோவம் வருது. ஆனா அவங்களுக்கு அஞ்சலி எழுதுறப்போ பக்கத்துல நின்னவங்களையும் ரெண்டு வார்த்தை சொல்லலாமில்ல.

எங்க அக்கா பேத்தி ஒருத்தி, பதினாலு வயசு, படத்தைப் பாதி போன்லயும் பாதி டிவியிலயும் பாத்துட்டு, கைரேகை பாத்தா ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிடுமே, இதுக்கு எதுக்கு இவ்ளோ நேரம்னு கேட்டா. நியாயமான கேள்வி, பதில் சொல்றதுக்குள்ள பேட்டரி போயிடுச்சு.

ஐயா, அடுத்து இந்தப் படத்தைப் பத்தி வாசகர் கருத்து கேக்கும்போது லதா செஞ்சது சரியா தப்பான்னு மட்டும் கேக்காதீங்க. கோபாலு ஒரு மில்லு தொழிலாளியா இருந்திருந்தா படம் எப்படி முடிஞ்சிருக்கும்னு கேளுங்க, என்ன எழுதுறாங்கன்னு பாப்போம். எங்க தெரு பாட்டி பதிலை நான் அனுப்பி வைக்கிறேன், கெட்ட வார்த்தையை மட்டும் நீங்க எடுத்துடுங்க.

இப்படிக்கு,
ரங்கூன்ல இருந்து ஒரு வாசகர்